பஹணியில் பெயர் இல்லாதவர்கள்

மழை பொய்த்தால் நிலத்துக்காரருக்கு நட்டம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவருக்கும், களையெடுக்கப் போன பெண்ணுக்கும் நட்டம். ஆனால் அரசின் நிவாரணக் கணக்குக்கு முதலாமவரை மட்டுமே தெரியும்.

2023-ல் கர்நாடகத்தில் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது 18,171 கோடி ரூபாய். 2024 ஜனவரியில் மாநில அரசு முதல் தவணையாக விவசாயிக்கு 2,000 ரூபாய் வரை கொடுத்தது. மத்திய அரசின் பணம் வரவில்லை. மார்ச்சில் மாநிலம் உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு, ஏப்ரல் கடைசியில் கிடைத்தது சுமார் 3,454 கோடி. இரண்டு அரசுகள் வழக்காடலாம். பசி வாய்தா கேட்குமா?

வந்த பணமும் எவ்வளவு? அப்போதைய விதிப்படி, பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தால், மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் சுமார் 3,400. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நம் கோலார் மாவட்டத்தில் ராகி விதைத்தவருக்கு இது உழவுக்கும் உரத்துக்கும் காணுமா? நிலமுள்ள சிறு விவசாயி நமக்குப் பகையல்ல. அவருக்குக் கிடைப்பது போதாது என்பதே நம் முதல் வாதம்.

அடுத்த வாதம் நம்மவர்களைப் பற்றியது. பணம் பஹணியில் உள்ள பெயருக்கே போகிறது. 1974-ல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் இம்மாநிலத்தில் குத்தகை முறையை ஒழித்தது. உழுபவனுக்கு நிலம் என்ற அதன் நோக்கம் நல்லது. ஆனால் குத்தகை ஒழியவில்லை; வாய்ப்பேச்சாக மாறியது. வாய்ப்பேச்சுக்கு நிவாரணம் கிடையாது. வேலை இழந்த கூலிக்காரருக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கோரமண்டலில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் சுரங்கத்துக்கு வந்தது பெரும்பாலும் நிலமில்லாதவர்களாகத்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின், விடியற்கால ரயிலில் பெங்களூர் போகிறவர்கள் போக, பங்காரப்பேட்டை, முல்பாகல் பக்கம் வயல் கூலிக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. வயல் காய்ந்தால் அவர்கள் வீட்டு அடுப்பும் அணைகிறது.

வழியே இல்லையா? நம் எல்லைக்கு அப்பால் ஆந்திரம் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் குத்தகைக்காரருக்கு அட்டை. அதைக் கொண்டு பயிர்க்கடன், காப்பீடு, நட்டஈடு. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்றதால் பலருக்கு அட்டை எட்டவில்லை. ஒடிசா 2019 முதல் 'காலியா' திட்டத்தில் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தது. மனமிருந்த இடத்தில் வழி பிறந்தது; குறையிருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

நாம் கேட்பவை மூன்று. வறட்சி அறிவித்தால் நிவாரணம் எத்தனை நாளில் என்று சட்டமே சொல்லட்டும். உண்மையில் பயிரிட்டவர் யார் என்று கிராம சபை கூடிப் பட்டியல் எழுதட்டும். அதற்கு நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டாம். வேலை இழந்த கூலிக் குடும்பத்துக்கும் நிவாரணத்தில் பங்கு வேண்டும்.

அடுத்த வறட்சி வரும்வரை காத்திராமல் இப்போதே இதைத் தாசில்தார் முன் வைப்போம். வயல் வேலைக்குப் போகும் நம் குடும்பங்கள் எந்த ஊரில், யார் நிலத்தில், எத்தனை நாள் வேலை என்று இன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பதிவேட்டில் நம் பெயரை அவர்கள் எழுதும் வரை, நம் கணக்கை நாமே எழுதுவோம்.