‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராத பையனைப் பார்த்து ஒரு தாய் கவலைப்பட்டால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில் இதுதான். “அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்பது கூடவே வரும். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சை நான் முழுமூச்சாக மறுக்கிறேன்.

பெண் குழந்தைகள் முந்திப் பேசுவது உண்மைதான். சராசரியாகப் பார்த்தால் அது ஒன்றிரண்டு மாத முந்தல், அவ்வளவே. 16 மாதத்தில் பொருளோடு ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால், ஆண் பிள்ளை என்பது அதற்கு விளக்கமாகாது. வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்பா தாமதமாகப் பேசியவர் என்றால் அது ஆறுதல் அல்ல; பேச்சுத் தாமதம் குடும்பவழியாகவும் வரும். எனவே இன்னும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருவனா என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் சொல்லிவிட முடியாது.

என்னை அதிகம் பதறவைப்பது அடுத்த வாதம்: “காதெல்லாம் நல்லாக் கேக்குது, குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே!” எங்கள் தெருவில் இப்படி ஒரு பையன். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் முன் நிறுத்துவான். கதவை அறைந்தால் திரும்புவான். முதுகுப் பக்கமிருந்து மெல்லக் கூப்பிட்டால் பொம்மையிலேயே கண் இருக்கும். ‘விளையாட்டு மும்முரம்’ என்றார் பாட்டி. சோதித்தபோது இரண்டு காதிலும் நடுத்தரக் கேள்திறன் குறைவு. இப்படிப்பட்ட காதுக்கு உரத்த சத்தம் எட்டும்; ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லொலிகள் எட்டாது. பேச்சு வெறும் முனகலாகக் கேட்டால் குழந்தை எதைக் கேட்டுப் பேசும்? பிறந்த குழந்தைக்கே, அது தூங்கும்போது காதில் சிறு கருவி வைத்துச் சில நிமிடங்களில் சோதிக்க முடியும். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதிப்பாடு, ஆறுக்குள் சிகிச்சை என்பதுதான் உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு.

‘வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், குழம்பிப்போகிறான்’ என்பதும் தவறு. இருமொழி பேச்சைத் தடுப்பதில்லை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லி, பாட்டியின் வாயை அடைப்பதுதான் கொடுமை.

நாக்கில் வசம்பு தடவுவதையும் விட்டுவிடுங்கள். பேச்சு நாக்கின் தடிப்பால் நிற்பதில்லை. தடவுவதால் வருவதும் இல்லை. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசி போட எப்படியும் போவீர்கள். அன்றைக்கே செவிலியரிடம் கேளுங்கள்: “பையன் இன்னும் பேசலைங்க, காது டெஸ்ட் எங்கே எடுக்கணும்?”