தொழிற்பூங்காவில் ஒரு பூங்கா வேண்டும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை பேருந்தில் சென்றால் வழியெல்லாம் 'தொழிற்பூங்கா' என்னும் பெயரைக் காணலாம். பூவும் நிழலும் உள்ள இடமே பூங்கா என்றுதான் எங்களுக்குக் கீழ்வகுப்பில் கற்றுத் தந்தார்கள். இங்கோ கார் உண்டு, கைப்பேசி உண்டு, கன்டெய்னர் லாரி உண்டு. உட்கார ஒரு மரநிழல்தான் இல்லை! (தொழிற்சாலை மதில்களுக்குள் புல்வெளி பச்சைப் பசேலென்று இருக்கிறது. அது நமக்கன்று.)

நிலம் இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுவோர் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆகவே நிலம் இலவசமாகவே வந்துவிடுகிறது. வேலிக்கும் ஊஞ்சலுக்கும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது. பிறகு தண்ணீர் ஊற்றுபவருக்கும் காவலாளிக்கும் மாதந்தோறும் சம்பளம் தர வேண்டுமே, அங்கேதான் கை சுருங்குகிறது. எங்கள் வீடுகளுக்கருகே உள்ள ஒரு பூங்காவில் ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தொங்குகிறது, பலகையைக் காணோம். கதவில் பூட்டு. யார் தயவுமின்றிச் சீமைக் கருவேலம் மட்டும் செழிக்கிறது.

கவனிப்பாரற்ற பூங்கா நெடுநாள் பூங்காவாக இராது. சென்னையில் ஆளுநர் டிரெவெலியன் 1859இல் தொடங்கிய மக்கள் பூங்கா சுமார் 116 ஏக்கர் பரப்புடையது. ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் பிறவும் எழும்ப எழும்ப அது சுருங்கிப் போயிற்று. அங்கிருந்த விலங்குகளும் 1985இல் வண்டலூருக்கு வந்துவிட்டன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே விடக்கூடாது என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நுழைவுக் கட்டணம் வைத்தால் செலவு தீர்ந்துவிடும் என்பார் சிலர். நாங்கள் இதனை ஏற்கவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எங்களைவிட நாலைந்து வயதே மூத்த அக்காமார் பலர் வெளியூரிலிருந்து வந்து இப்பகுதியில் வேலை செய்கின்றனர். விடுமுறை நாளில் அவர்கள் எங்கே போவார்கள்? வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சும் காசில் நிழலையும் விலைக்கு வாங்க வேண்டுமா? பசுமையான இடங்கள் வசதியுள்ளோர் பகுதிகளில் மட்டுமே அமைந்து, ஒதுக்கப்பட்டோர் வாழுமிடங்களில் இல்லாமற் போவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் வருந்திக் குறிப்பிட்டார்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமையும் தர வேண்டும். அவர்கள் புதுப்பூங்கா கட்ட வேண்டாம். இருக்கும் பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரர், ஒரு காவலாளி, ஒரு கழிப்பறை — இவ்வளவும் போதும். கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்கள் அரைமணிக்கு மேல் இருக்க முடியாது. இதை ஆண்கள் ஏனோ நினைப்பதே இல்லை!

செலவைக் குறைக்கவும் முடியும். புல்தரை நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். வேம்பும் புங்கனும் பூவரசும் வேர் பிடித்த பின் அதிகம் கேட்கமாட்டா. கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து, இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு 2019 முதல் குழாய் வழியே அனுப்பி வருகின்றனர். அந்நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தர வல்லது. அதில் ஒரு துளியைச் செடிகளுக்கு விட்டால் என்ன?

வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலியையும் யானையையும் பலர் 'தத்து' எடுத்து உணவுச் செலவை ஏற்கின்றனர். புலிக்கே ஆள் கிடைக்கும்போது வேப்பமரத்துக்குக் கிடைக்காதா? எங்களுள் பலருடைய தந்தையர் இத்தொழிற்சாலைகளில்தான் பணிபுரிகின்றனர். இவ்விதழ் வீட்டுக்கு வரும்போது இந்தப் பக்கத்தை நாங்களே விரித்து வைப்போம். படித்துவிட்டு உங்கள் மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அப்பா.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு