சுவர் அவர்களுடையது, சரக்கு நம்முடையது

தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் என் அண்ணன் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நானோ அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழும் மாதச் சம்பளக்காரன். "வியாபாரத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்று அவர் என்னைக் கேட்பது வழக்கம். இருந்தாலும், அவர் வீட்டில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு நம்மவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கும்போதே, இளைஞர்கள் கூடும் ஒரு குறும்பதிவுத் தளத்தில் அப்பாவின் பைகளைப் படம் பிடித்துப் போட ஆரம்பித்தாள். "வாங்குங்கள்" என்று ஒரு நாளும் எழுதவில்லை. அப்பா தோலை எப்படி வெட்டுகிறார், ஒரு கைப்பிடிக்கு எத்தனை தையல் போடுகிறார் என்று நாலு வரியும் ஒரு படமும், அவ்வளவுதான். பார்த்தவர்கள் அதைத் தங்கள் நண்பர்களுக்கு மறுபதிவு செய்தார்கள். புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. "விளம்பரத்துக்குக் காலணா செலவில்லை, சித்தப்பா!" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இது புதிய வித்தையல்ல. விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தோடு புறப்படும் நம் ஆட்கள், வாடிக்கைக்காரர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஹாரனை அடித்துக்கொண்டு அவர் இருக்கும் தெருவுக்கே போகிறார்கள். இன்றைய இளைஞர்களின் தெரு கைபேசியில் இருக்கிறது. அங்கே போகத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம், விடிந்து பார்த்தால் அவள் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி. என்ன மீறினாள், யாரிடம் முறையிடுவது, ஒன்றும் புரியவில்லை. பட்டறையில் பண்டிகைக்குத் தைத்த பைகள் குவிந்து கிடந்தன. தோல் வாங்கிய கடன் வேறு. "இதற்குத்தான் ஒழுங்காக ஒரு கம்பெனியில் வேலை தேடு என்றேன்" என்று அண்ணன் சத்தம் போட்டார். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கணக்கு முடங்குவது இருக்கட்டும், தளங்களுக்கே நிலையான வாழ்வு இல்லை. 2007ல் நியூயார்க்கில் டேவிட் கார்ப் தொடங்கிய டம்ப்ளர் இளைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2013ல் யாகூ நிறுவனம் அதை 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2019ல் அது மிகச் சொற்ப விலைக்குக் கைமாறியது. நம் நாட்டிலேயே, பெங்களூரில் 2020ல் தொடங்கி, தமிழிலும் எழுத வழிசெய்த 'கூ' 2024ல் மூடப்பட்டது. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கை நம்பியிருந்தவர்கள் சேர்த்து வைத்த பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள்.

அண்ணன் வீட்டைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு நீள நோட்டு. பார்சல் அனுப்பும் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். "இதெல்லாம் பழைய காலம்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதியவள் அவள்தான். அதில் முன்னூறுக்கு மேல் பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். தீபாவளிக்குள் பைகளில் பெரும்பகுதி போய்விட்டது.

"எந்நேரமும் கைபேசிதானா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர்களே, அவர்கள் அதில் கடையும் நடத்தலாம். தடுக்காதீர்கள். இளைஞர்களே, நீங்கள் எழுதும் சுவர் இன்னொருவருடையது. இரவோடு இரவாக வெள்ளையடித்துவிடுவார்கள். வாடிக்கைக்காரரின் விலாசம் உங்கள் கையில் இருக்கட்டும். படங்களுக்கும் ஒரு பிரதி வையுங்கள். ஒரே தளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

நமது சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென ஒரு வகுப்பு நடத்தலாம் என்பது என் தாழ்மையான கருத்து. படம் எடுப்பதைப் பிள்ளைகள் சொல்லித் தரட்டும், கணக்கு எழுதுவதைப் பெரியவர்கள் சொல்லித் தரட்டும்.

அண்ணன் மகள் இப்போது வேறொரு தளத்தில் எழுதுகிறாள். நீள நோட்டும் இரண்டாவது வாங்கியாகிவிட்டது.