சிரட்டை கொழுவிய ஆணி

சனசமூக நிலையத்தாருக்கும் ஊர்ச் சனத்துக்கும்,

பாழடைந்து கிடக்கும் நாற்சார் வீட்டை இடித்துக் கலியாண மண்டபம் கட்டப்போவதாகவும், சுவிஸில் இருக்கும் நாங்கள் ஆளுக்கு ஆயிரம் பிராங்க் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் சந்தோஷப்பட்டேன். அந்த வீட்டு முன்விறாந்தையில் எங்கள் அப்பு ஒருநாளும் கால் வைத்ததில்லை. பின்வளவில் குந்தியிருந்து சிரட்டையில் தேத்தண்ணி குடித்தவர். இடியட்டும் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் மகள் என்னைப் பிரான்ஜான் மாளிகைக்குக் கூட்டிப்போனாள். ஜெனீவா ஏரிக்கரையில், நியோனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிகேர் என்ற வங்கிக்காரர் 1730களில் கட்டியது. வொல்த்தேர் ஒரு மாரிகாலம் அங்கே தங்கியிருந்தார். 1998 முதல் சுவிஸ் தேசிய அருங்காட்சியகத்தின் கையில் இருக்கிறது. பழங்காலத்து மரக்கறித் தோட்டமும் உண்டு. முப்பது வருஷம் குசினியில் நின்ற எனக்கு அதுதான் பிடித்தது.

துணிகள் இருந்த அறையில் மட்டும் வெளிச்சம் மங்கல், சாயம் வெளிறக்கூடாதென்று. கண்ணாடிக்குள் பருத்தியில் கொடியும் செம்பூவும். பெயர் ‘இந்தியென்’. சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் எழுதிய துணிகளில் ஐரோப்பாவுக்கு அப்படி ஒரு மோகம். பட்டுக்காரரும் கம்பளிக்காரரும் முறையிட, பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை நீக்கவில்லை. மதத்துக்காக அங்கிருந்து ஓடிவந்த புரட்டஸ்தாந்தர் ஜெனீவாவிலும் நொஷாத்தேலிலும் பட்டறை போட்டு, எங்கள் துணியைப் போலவே அச்சடித்தார்கள். ‘இந்தியென்’ ஆபிரிக்கக் கரைக்குப் போய் மனிதரை வாங்கும் விலையுமானது. குடியேற்றநாடு ஒன்றும் வைத்திராத நாடு என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள்.

திரும்பும் ரயிலில் மகள் போனைப் பார்த்தபடி கேட்டாள்: “அப்பா, ‘ஷாயாவேர்’ எண்டா என்ன?”

1742இல் கேர்து என்ற யேசுசபைப் பாதிரியார் சாயக்காரரிடம் தொழிலைக் கேட்டறிந்து பிரான்சுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்ப்பது, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவுவது, பிறகு அந்த வேரோடு அவிப்பது.

சாயவேர்! எனக்கு அப்பாச்சி ஞாபகத்துக்கு வந்தா. ஆரோ ‘வேர்குத்தி’ என்று ஏசியதைச் சொல்லிச் சொல்லி அழுவா. அப்போது எனக்குப் பொருள் தெரியாது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேரைக் கிண்டுவது சில சாதிகளின் தலையில் கட்டிய ஊழியம். மணலுக்குள் நூல்போல ஓடும் வேர். கிண்டினவருக்கு மிஞ்சியது ஒரு வசைச்சொல்.

அந்த மாளிகைச் சீமானின் நாட்குறிப்புக்கூடப் பத்திரமாக இருக்கிறது. வேர் கிண்டியவரின் ஒரு அலவாங்கு எங்கேயாவது இருக்கிறதா? அவர்கள் வைக்கவில்லை என்று கோபித்தால், நாங்கள் எதை வைத்தோம்?

அதனால் இடிக்க என் காசு வராது. கூரைக்கு ஓடு மாற்றுவதென்றால் இரண்டாயிரம் தருகிறேன். ஆனால் முன்விறாந்தைத் தூணை மட்டும் மினுக்கி, நடையில் குத்துவிளக்கு வைத்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். பின்வளவுப் படலையும் இருக்கவேணும். நான் கடைசியாக வந்தபோது, சிரட்டை கொழுவுகிற ஆணி கிணற்றடிப் பக்கத்துத் தூணில் துருப்பிடித்தபடி இருந்தது. மேசனிடம் சொல்லிவையுங்கோ, அதைப் பிடுங்கவேண்டாம்.

உங்கள் ஊரவன்