டயல் டம்பெல் வேண்டாம், ஒரு கம்பியும் நாலு தட்டும் போதும்

ஒரு சோடி டம்பெல்லுக்கு 300 பவுண்ஸ் கொடுக்காதீர்கள். அதுவும் இதுவரை ஒரு நாள்கூடப் பாரம் தூக்கிப் பழகாதவர் என்றால் கொடுக்கவே கூடாது. கையில் காசில்லாமல், "இப்போ எடு, மூன்று மாதத்தில் கட்டு" என்று ஃபோன் காட்டுகிற பட்டனை அழுத்தி வாங்குவது அதைவிட மோசம்.

எந்தச் சாமானைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தட்டத்தில் இருக்கும். பக்கத்தில் டயல். பத்து கிலோவுக்குத் திருப்பினால் பத்து கிலோ கையோடு வரும், மிச்சத் தட்டுகள் தட்டத்திலேயே நிற்கும். வீடியோவில் அந்த "கிளிக்" சத்தம் நல்லாத்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

இந்த வகையில் உலகத்திலேயே பெயர் போனது போஃப்ளெக்ஸ் 552. 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அந்த மாடலையும் அதன் பெரிய அண்ணனான 1090ஐயும் திரும்பப் பெறும் அறிவித்தலை வெளியிட்டது. ஏறத்தாழ 38 இலட்சம் டம்பெல்கள். காரணம், தூக்கிக்கொண்டிருக்கும்போதே தட்டு கழன்று விழக்கூடும் என்பது. நூறு பேருக்கு மேல் காயம் பட்டதாகப் பதிவாகியிருந்தது. மூளையதிர்ச்சி, கால்விரல் முறிவு எல்லாம் அதில் உண்டு. அதற்கு முந்தைய வருசம், 2024 மார்ச்சில், அந்தக் கம்பனியே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், பிறகு இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

எல்லா டயல் டம்பெல்லும் கழன்று விழும் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்வது இதுதான்: ஒரு பாரத்தைத் தலைக்கு மேலே பிடிக்கப்போகிறீர்கள் என்றால், அதற்குள் அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டயல் வகையில் பூட்டு உள்ளே ஒளிந்திருக்கிறது. சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. உள்ளே ஒரு சின்னத் துண்டு உடைந்தால் பெட்டி முழுக்கவே வீண்.

இனி மற்றதைப் பாருங்கள். இரண்டு முனையிலும் புரி வெட்டிய ஒரு இரும்புக் கம்பி. நடுவில் ஓட்டை போட்ட தட்டுகள். முனையில் நட்சத்திர வடிவில் ஒரு நட். கடையில் ஸ்பின்லாக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 20 கிலோ செட் புதிதாகவே 40, 50 பவுண்ஸுக்குள் கிடைக்கும். பூட்டு முழுக்க உங்கள் கண்ணுக்கு முன்னால். நட் இளகும், உண்மைதான். கையை மடக்கும்போது கம்பி சுழல்வதால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஆகவே ஒவ்வொரு முறை தூக்குமுன்னும் ஒரு திருகு. இரண்டு விநாடி வேலை.

"பாரம் மாற்ற நேரம் எடுக்குமே?" என்று கேட்பீர்கள். நாலு நட்டையும் கழற்றிப் பூட்ட ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம். தொடக்கத்தில் இருப்பவர் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு நேரம் ஓய்வு எடுக்கத்தானே வேண்டும்? அந்த நேரத்தில் நீங்கள் வேறு என்ன செய்யப்போகிறீர்கள், ஃபோன் பார்க்கத்தான். இரண்டு மூன்று வருசம் விடாமல் பழகியவர், ஓய்வே இல்லாமல் பயிற்சிக்குப் பயிற்சி தாவுகிறவர், பொக்ஸ் ரூமில் காலடி வைக்கவும் இடமில்லாதவர், அவருக்கு டயல் பயன்படலாம். அவர் என்னிடம் ஆலோசனை கேட்கவும் மாட்டார்.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான். "20 கிலோ செட்" என்றால் கைக்கு 20 இல்லை. கம்பி, நட், தட்டு எல்லாம் சேர்ந்து 20, கைக்கு 10. சில பக்கங்களில் ஒரே ஒரு டம்பெல்லின் விலையைப் போட்டுச் சோடியின் படத்தைக் காட்டுவார்கள். கம்பியும் நட்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 கிலோ வரும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 1.25 கிலோ போட்டால் மற்ற முனையிலும் போட வேண்டும், அதனால் ஒரே தாவில் 2.5 கிலோ கூடும். ஐந்து கிலோவைத் தோளுக்கு மேல் தூக்கப் பழகியவருக்கு ஏழரை என்றால் பாரம் ஐம்பது வீதம் கூடிவிட்டது. கை ஏறாது, மனம் விட்டுப்போகும். ஆகவே அரைக் கிலோத் தட்டு நாலு கட்டாயம் வேண்டும். செட்டில் இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். பெரிய தட்டை யாரும் வாங்குவார்கள், ஆளை முன்னேற்றுவது அந்தச் சின்னத் தட்டுத்தான்.

பிறகு ஓட்டை. இங்கே வழக்கமான கம்பி ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் சொச்சம். டெகத்லோனில் விற்பது 28. ஜிம்மில் உள்ள ஒலிம்பிக் வகை 50. ஒரு அங்குலத்துக்கென்று அளவாகத் துளைத்த தட்டு 28 கம்பியில் ஏறாது. முதலில் எந்த அளவு வாங்கினீர்களோ அதே அளவில் நில்லுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் கொங்கிறீட் நிரப்பிய தட்டு மலிவு, ஆனால் இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு. அதே பாரத்துக்கு மூன்று மடங்கு தடிப்பு, அதனால் கம்பியில் சீக்கிரம் இடம் முடிந்துவிடும். வார்ப்பிரும்புத் தட்டு என்றால், கைக்குப் பத்து போதாமல் போகும் நாளில் எல்லாத் தட்டையும் ஒரே கம்பியில் போட்டு 18 கிலோவாக நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழும்பலாம். அதுவும் போதாவிட்டால் தட்டு மட்டும் வாங்குங்கள். டயல்காரர் உச்சத்தைத் தொட்டால் முழுச் சோடியும் புதிதாக வாங்க வேண்டும்.

சாமானைக் காட்டி உடம்பை விற்கிற வியாபாரம் இந்த லண்டனுக்குப் புதிதல்ல. யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1901 செப்டம்பரில் ரோயல் அல்பேர்ட் ஹோலில் உடற்கட்டுப் போட்டி நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லக் ஹோம்ஸ் எழுதிய கோனன் டொயில். அந்தச் சாண்டோவின் பெயர் இந்தியாவரை போய்த்தான், அம்மா அப்பா பார்த்த எம்.ஜி.ஆர். படங்களைத் தயாரித்த சின்னப்பா தேவருக்குச் "சாண்டோ" என்று பட்டமானது. அதே ஆள் தன் பெயரில் ஒரு டம்பெல்லும் விற்றார். இரண்டாகப் பிளந்த பிடி, நடுவில் ஸ்பிரிங், கையால் அமத்த வேண்டும். அவர் தன் உடம்பை அந்த ஸ்பிரிங்கை அமத்திக் கட்டவில்லை. அட்டிலா என்ற ஆசானிடம் பாரமான இரும்போடு பழகி வந்தவர். இன்று உங்களுக்கு டயலைத் திருப்பிக் காட்டுகிற அண்ணாவின் தோளைப் பாருங்கள். அது எங்கே கட்டிய தோள் என்று நினைக்கிறீர்கள்?

இவ்வளவு கோபம் ஏன் என்றால், எங்களுக்கு இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. தெற்காசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 தாண்டினாலே நீரிழிவு அபாயம் கூடுகிறது என்று என்.எச்.எஸ். கணக்கெடுக்கிறது, வெள்ளையர்களுக்கு அந்த எல்லை 25. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறுகிற சீனியில் பெரும் பங்கை எடுப்பது தசை. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்த வேண்டும் என்பது இந்த நாட்டின் மருத்துவ ஆலோசனை. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் எத்தனை வீட்டில் மெற்ஃபோமின் போத்தல் மேசையில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க, "நல்ல செட் வாங்கக் காசு சேர்த்துப்போட்டுத் தொடங்குவம்" என்று ஒரு வருசத்தைப் போக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. ஒரு கிலோ ரோஸ் நிற டம்பெல்லை யாராவது பரிசாகத் தந்தால் கதவுக்கு முட்டுக்கொடுங்கள். தமிழ்க் கடையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை அம்மா காரிலிருந்து குசினிக்கு ஒரே மூச்சில் கொண்டு வருகிறார். அவருக்கும் உங்களுக்கும் ஒரு கிலோ என்று யார் தீர்மானித்தது? அதே கம்பியில் அம்மாவுக்கு நாலு கிலோ, உங்களுக்கு ஏழு, தம்பிக்குப் பத்து. அம்மாவுக்குப் பிரஷரோ இன்சுலினோ இருந்தால் முதலில் ஜிபியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்றும் இல்லை. 2020 மார்ச்சில் ஜிம்கள் பூட்டியபோது அடித்துப்பிடித்து வாங்கிய இரும்பெல்லாம் இப்போது கராஜ்களில் கிடக்கிறது, கம்ட்ரீயிலும் ஃபேஸ்புக்கிலும் விலைக்கு வருகிறது. கறள் பிடித்த தட்டுக்குப் பயப்படாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்த்தால் போகும். புரியை மட்டும் பாருங்கள்: நட்டைக் கையால் கடைசிவரை திருகுங்கள், இடையில் வழுக்கினால் அந்தக் கம்பியை விட்டுவிடுங்கள். தூக்கிக்கொண்டு வர இரண்டு உறுதியான பை கொண்டுபோங்கள். 20 கிலோவையும் ஒரு பையில் போட்டால் பஸ் ஸ்டொப்புக்கு வருமுன் பிடி அறுந்துவிடும்.