சிப்பாய்களைச் சிரிக்கவைத்த வானொலி

கரடியனாற்றிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். ‘குட் மோர்னிங், வியட்நாம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தாராம். மேலதிகாரிகளையே கேலி செய்து, பட்டாளத்தாரைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைக்கும் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அதில் வருகிறார். “அப்படியொருவர் மெய்யாகவே இருந்தாரா? இராணுவத்தில் அதற்கு இடங்கொடுப்பார்களா?” என்பது அவருடைய வினா. முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவதற்குச் சற்றுச் சுற்றித்தான் வரவேண்டும். அவ்வழியில் நம் மட்டக்களப்புக் கடலும் குறுக்கிடுகிறதாகையால், வாசகர்கள் பொறுமையோடு உடன்வருவார்களென நம்புகிறேன்.

இருந்தார். ஏட்ரியன் குரோனவர் என்பது அவர் பெயர். அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த அவர், 1965, 1966ஆம் ஆண்டுகளில் சைகோன் நகரத்துப் படை வானொலியில் விடியற்கால நிகழ்ச்சியை நடத்தினார். காலை வணக்கத்தை இழுத்து இழுத்து நீட்டிச் சொல்வது அவர் வழக்கம். அது வெறும் அலங்காரமன்று. நீட்டி முடிப்பதற்குள் அடுத்த வேலையை ஆயத்தம் செய்துகொள்ளலாமே! 1987இல் வெளிவந்த படத்தில் ரொபின் வில்லியம்ஸ் பொழியும் வேடிக்கைப் பேச்சிற் பெரும்பகுதி அந்நடிகரே அவ்வப்போது இட்டுக்கட்டியது. படத்திற் காட்டிய அட்டகாசங்களிற் பாதியைச் செய்திருந்தாற்கூடத் தாம் இன்னமும் இராணுவச் சிறையிலேயே கிடந்திருக்க வேண்டும் என்று குரோனவரே பின்னாளிற் சொல்லியதுண்டு. 2018இல் அவர் காலமானார்.

ஆகவே, படத்தை வரலாறென்று கொள்ளவேண்டாம். ஆயினும் ஒன்று மெய். அங்கே செய்திக்குத் தணிக்கை இருந்தது. சிரிப்புக்கு அவ்வளவு இல்லை. இது ஏன் என்று கேட்டால், நம் தீவுக்கே திரும்பிவர வேண்டும்.

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றைக்கே, திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அகன்றிருந்த ‘ஹேர்மீஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் குண்டுபட்டு மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் அங்கேயே கடலடியிற் கிடக்கிறது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உள்நாட்டுப் பக்கமாய்ச் செல்லும்போது வரும் கரடியனாறு கடலைக் காணாத ஊர்தான். எனினும், உலக யுத்தம் அவ்வூருக்கு எவ்வளவு அண்மையில் வந்துவிட்டது பாருங்கள்!

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். அவருக்கு எதிரியைவிடப் பெருந்தலைவலியாய் இருந்தது வேறொன்று. பர்மாக் காடுகளில் மழையிலும் மலேரியாவிலும் போராடிய பதினான்காம் சேனையினர், தங்களை நாடு மறந்துவிட்டதென்று நம்பினர். ஐரோப்பியப் போர்முனையைப் பற்றியே பத்திரிகைகள் எழுதின. ‘மறக்கப்பட்ட சேனை’ என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். மனந்தளர்ந்த சிப்பாயிடம் துப்பாக்கி இருந்தும் என்ன பயன்?

அவர்களுக்கென்று கொழும்பில் எழுந்ததுதான் ‘றேடியோ சீயாக்’. பொரளையில் கலையகம், ஜா-எல பக்கத்து ஏக்கலையில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி. அரசாங்க அலுவல் எப்போதும் நடப்பதுபோலவே நடந்தது: பெரிய ஒலிபரப்பி முழுவலுவோடு முழங்கத் தொடங்கியபோது யுத்தமே முடிந்துவிட்டது! ஆனால் சிப்பாய்கள் உடனே வீடு திரும்பிவிடவில்லை. கப்பலுக்காகக் காத்திருக்கும் படையினனுக்கு யுத்தகாலத்தைவிட அதிகமாகவே வானொலி வேண்டியிருந்தது.

அங்கே தலைமை அறிவிப்பாளராய் அமர்ந்தவர் டேவிட் ஜேக்கப்ஸ் என்னும் கடற்படை இளைஞர். பிறந்தது 1926இல், ஆகவே வந்தபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பிறரைப்போலப் பேசிக்காட்டும் வித்தையால் வானொலிக்குள் நுழைந்தவர் அவர். பிற்காலத்தில் பி.பி.சி.யின் பெரும்புகழ் பெற்ற குரல்களுள் ஒன்றாயினார். பர்மாவிற் பணியாற்றிவிட்டு வந்த டெஸ்மண்ட் கறிங்டனும் அவரோடு இருந்தார். இந்தக் கறிங்டன் 2016 வரையில் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார் என்றால் வியப்பாயில்லையா?

ஆயினும் என் மனத்தைத் தொட்டவர் மூன்றாமவரான சார்ள்ஸ் சில்டன். விமானப் படையிலிருந்து இந்நிலையத்துக்கு வந்து பொறுப்பேற்றவர். அவர் பிறந்தது 1917இல்; தந்தை பிரான்சுப் போர்முனையில் இறந்தது 1918இல். மகன் தந்தையின் முகம் அறியான். பல ஆண்டுகளின் பின் தந்தையின் கல்லறையைத் தேடி அராஸ் நகருக்குச் சென்றார். கல்லறை இல்லை. உடல் அடையாளங்காணப்படாத சுமார் 35,000 வீரர்களின் பெயர்கள் பொறித்த சுவரொன்றில் தந்தையின் பெயர் மட்டும் இருந்தது.

இத்தனை பேருக்கு எப்படி இக்கதி நேர்ந்தது என்று அவர் தேடத் தொடங்கினார். தளபதிகளின் நினைவுக்குறிப்புகளை மட்டும் நாடியிருந்தால் வழக்கமான வரலாறொன்று கிடைத்திருக்கும். அவரோ சிப்பாய்களின் பாட்டுக்களைத் தேடினார். தேவாலயக் கீதத்தின் மெட்டிலும் சினிமாக் கொட்டகைக்கு முந்திய காலத்து மேடைப்பாட்டின் மெட்டிலும் அவர்கள் தாமே சொற்களை இட்டு, சார்ஜன்டையும் உணவையும் சாவையும் எள்ளி நகையாடிய பாட்டுக்கள் அவை. 1961இல் பி.பி.சி.யில் அவற்றை இணைத்து நிகழ்ச்சியாக்கினார். அதிலிருந்து முளைத்ததே, 1963இல் ஜோன் லிட்டில்வுட் அம்மையார் இலண்டனில் மேடையேற்றிய ‘ஓ, வாட் எ லவ்லி வோர்!’ என்னும் நாடகம். மேடையிற் கேலிப்பாட்டு நடக்க, மேலே ஒளிப்பலகையில் மாண்டோர் தொகை ஓடும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள்.

மாணவரின் இரண்டாம் வினாவுக்கு எனக்குத் தெரிந்த விடை இங்கேதான் இருக்கிறது. மேலிடத்துச் செய்தியறிக்கை சிப்பாயிடம், “எல்லாம் நன்றாக நடக்கிறது” என்கிறது. கேலிக்காரனோ, “நீ படும் பாடு எனக்குத் தெரியும்” என்கிறான். சிப்பாய் நம்புவது இரண்டாமவனை. இதை அறிந்த தளபதிகள், கேலியை ஓரளவுக்கு வாங்கிக்கொண்டார்கள், அறியாதவர்கள் அதட்டினார்கள். தாராள மனத்தினால் இடங்கொடுத்தார்களென்று எண்ணிவிட வேண்டாம். மனந்தளராத சேனை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதில் ஒரு குறையும் உண்டு. பதினான்காம் சேனையிற் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சென்னை மாகாணத்துத் தமிழரும் அவர்களுள் இருந்தனர். றேடியோ சீயாக்கோ ஆங்கிலத்தையே முதன்மையாகக் கொண்ட நிலையம். நகைச்சுவை மொழிவிட்டு மொழி தாவாத பிராணி. தாய்மொழியில் வரும் ஒரு குறும்புச் சொல்லுக்கு ஏங்கிய காதுகளைப் பற்றி எவரும் அதிகம் எழுதவில்லை.

1949இல் ஏக்கலை நிலையம் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30ஆந் திகதி வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1952இல் அகில இந்திய வானொலி, அமைச்சர் கேஸ்கரின் ஆணையினாற் சினிமாப் பாட்டுக்களை ஒதுக்கிவைத்ததும், தமிழகம் முழுவதுமே நம்முடைய சிற்றலைக்குக் காதுகொடுத்தது. ஆங்கிலச் சிப்பாய்க்காக நிறுத்திய கம்பத்திலிருந்து எஸ். பி. மயில்வாகனத்தின் தமிழ்க் குரல் இராமேசுவரத்துக்கும் மதுரைக்கும் அப்பாலும் சென்றது. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. அது இன்னொரு ஞாயிற்றுக்கு.