அளவு டேப்போடு தெருவில் இறங்கும் பிள்ளைகள்

கோவையில் கிராஸ்கட் ரோடு, டவுன்ஹால், ஆர்.எஸ்.புரம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள். டேப்பின் ஒரு முனை ஒருவர் கையில், மறுமுனை இன்னொருவர் கையில். மூன்றாவது ஆள் நோட்டில் குறித்துக்கொள்கிறார். நான்காவது ஆள் பஸ் ஸ்டாப் ஓரமாக நின்று, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை டூவீலர் போகிறது என்று கோடு போட்டு எண்ணுகிறார்.

ஓரமாகப் பூ கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு மனசு கேட்காது. "ஏங் கண்ணு, என்னத்துக்கு அளக்கறீங்க? கடைய எடுக்கச் சொல்லிருவாங்களா?"

"இல்லீங்கம்மா, காலேஜ் புராஜெக்ட்டுங்க" என்று பதில் வந்த பிறகுதான் அவர் கை மறுபடி நாரைத் தேடும்.

கட்டடக்கலையும் நகரமைப்பும் படிக்கிற மாணவர்களுக்கு இது பாடத்தின் ஒரு பகுதி. 'ஸ்டூடியோ' என்று பெயர். ஊரில் நிஜமாக இருக்கும் ஓர் இடத்தைக் கொடுத்து, 'இதை நடக்கவும் வாழவும் ஏற்ற இடமாக மாற்றி வரை' என்பார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் அலைந்து, ராத்திரி தூக்கம் கெட்டு, வரைபடமும் அட்டை மாடலும் செய்து வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் முன் வைப்பார்கள். மார்க் விழும். பிறகு? பெரும்பாலும் அந்தத் தாள்கள் சுருட்டிப் பரண்மேல் போகும். அடுத்த வருடம் அடுத்த செட் வந்து அதே தெருவை முதலிலிருந்து அளக்கும்.

அந்தத் தாள்கள் பரணில் தூங்க வேண்டியவைதானா? பூக்கார அம்மாவின் பயம் வெறும் பயம்தானா? இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது.

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

ஊரை மாற்றி வரைவது கோவைக்குப் புதிதல்ல. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் இந்த ஊரைப் படுத்திய பாட்டுக்கு, இன்றும் ஆங்காங்கே நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி. நெரிசலான பழைய பேட்டைகளுக்கு வெளியே, காற்றும் வெளிச்சமும் வரும்படி அகலத் தெருக்கள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது அதன் பிறகுதான். நேர்நேராகத் தெருக்கள் ஓடும் ஆர்.எஸ்.புரம் அந்தக் காலத்துக் கனவு. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் அந்தப் பேட்டை சுருக்கமாகச் சுமக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைக்கு வந்து இறங்கினார் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். உயிரியல் படித்தவர், நகரங்களைப் படிக்க வந்தவர். உலகத்து ஊர்களின் வரைபடங்கள், படங்கள் என்று பெரிய கண்காட்சி ஒன்றைக் கப்பலில் அனுப்பியிருந்தார். 1914 அக்டோபரில் அந்தக் கப்பலை மூழ்கடித்தது வேறு எதுவுமல்ல, சென்னைமீது குண்டு போட்ட அதே எம்டன். வரைபடங்கள் கடலோடு போயின. மனிதர் அசரவில்லை. நண்பர்களைக் கொண்டு புதிதாகப் படங்கள் சேர்த்து, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அவர் முறை எளிமையானது. முதலில் நட. தெருத்தெருவாக நட. நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்காதே. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர் சாலை போடும் யோசனை இருந்தபோது, அது வேண்டாம் என்றார். பாழடைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்து, காலி மனைகளைத் திறந்த வெளியாக்கி, மரம் வைத்தாலே தெருவுக்கு மூச்சு வந்துவிடும். செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கை அவர் கற்றது சொந்த நாட்டில். 1886-இல் கெடிஸும் மனைவி ஆனாவும் எடின்பரோவின் பழைய நகரத்தில், வசதியுள்ளவர்கள் கைவிட்டுப் போன ஒரு பாழடைந்த குடியிருப்புக்கே குடிபோனார்கள். அக்கம்பக்கத்தவரோடு சேர்ந்து கூட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், செடி வைத்தார்கள். அடுத்த வருடம் மாணவர்களுக்கு அங்கேயே ஒரு விடுதி தொடங்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் கைவைத்த அந்தத் தெருக்கள் இன்றைக்கு எடின்பரோவின் பெருமை.

பெயின்ட் டப்பாவோடு 200 பேர்

நூற்று முப்பது வருடம் கழித்து, 2016 செப்டம்பரில், ஸ்பெயினின் பார்சிலோனாவில் இன்னொரு மாணவர் படை தெருவில் இறங்கியது.

அந்த ஊரின் போப்லெனோ பகுதியும் ஆர்.எஸ்.புரம் போலக் கட்டம் கட்டமான தெருக்கள்தான். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களை ஒரு தொகுப்பாக்கினார்கள். வெளியூர் வண்டிகள் சுற்றி வரும் நான்கு பெரிய சாலைகளில் போகட்டும், உள்தெருக்களில் குடியிருப்பவர்களின் வண்டி மட்டும் மெதுவாக வரட்டும் என்பது திட்டம். 'சூப்பர்பிளாக்' என்று பெயர்.

வண்டிகள் நகர்ந்ததும் நடு நாற்சந்திகள் காலியாகிவிட்டன. அங்கே என்ன செய்வது? கட்டடக்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் சுமார் 200 பேரை இறக்கினார்கள். கையில் பெரிய பட்ஜெட் இல்லை. பெயின்ட், பழைய டயர், தொட்டிச் செடி. தரையில் விளையாட்டுக் கட்டங்கள் வரைந்தார்கள், டயரில் இருக்கை செய்தார்கள்.

அக்கம்பக்கத்தார் கொண்டாடினார்களா? இல்லை. 'எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்தீர்கள்' என்று பலர் கொதித்தார்கள். பதாகை கட்டினார்கள். நகர நிர்வாகம் அவர்களோடு உட்கார்ந்து பேசி, சில தெருக்களின் ஏற்பாட்டைத் திருத்தியது. பெயின்டில் வரைந்தது என்பதால் திருத்துவதும் சுலபம். பிறகே நிரந்தர பெஞ்சுகளும் மரங்களும் சாப்பாட்டு மேசைகளும் குழந்தைகள் விளையாடும் இடங்களும் வந்தன.

அந்த 200 பிள்ளைகள் செய்த வேலையில் இரண்டு பாடங்கள் உண்டு. கான்கிரீட் போடும் முன் பெயின்ட் போட்டுப் பார்க்கலாம். பெயின்ட் போடும் முன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

குளக்கரையில் யார் நடக்கிறார்கள்?

கோவைக்கு வருவோம். 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாக ஒன்றை ஒன்று நிரப்பும்படி முன்னோர்கள் கோத்துவைத்த குளங்கள், திட்டத்தின் நடுவில் வந்தன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் என்று கரைகளில் நடைபாதைகளும் விளக்குகளும் இருக்கைகளும் எழுந்தன. ரேஸ்கோர்ஸும் டி.பி. ரோடும் மாதிரிச் சாலைகளாயின. 2022-க்கான தேசிய ஸ்மார்ட் சிட்டி விருதுகளில், மாதிரிச் சாலைகளுக்கும் குளங்கள் சீரமைப்புக்குமாகக் கோவைக்கு முதலிடம் கிடைத்தது.

சாயங்காலம் பெரியகுளக் கரைக்குப் போனால் ஊரே நடக்கிறது. தாத்தா பாட்டிகள், தள்ளுவண்டிக் குழந்தைகள், செல்ஃபி எடுக்கும் ஜோடிகள். சந்தோஷமான மாற்றம், மறுக்க முடியாது.

ஆனால், நடக்காதவர்களும் உண்டு. இதே குளக்கரைகளில் பல வருடங்களாகக் குடிசையும் ஓட்டு வீடுமாக இருந்தவர்கள், கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று ஊர் ஓரத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். மழைக்குத் தண்ணீர் புகும் குளக்கரையில் குடியிருப்பது ஆபத்து, நிஜம். புது வீட்டில் கழிப்பறையும் உறுதியான கூரையும் உண்டு, அதுவும் நிஜம். ஆனால் டவுன்ஹால் பக்கம் வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டில் சுமை தூக்கவும் நடந்து போனவர்கள், இப்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இன்னொரு பக்கம், கரையைச் சுற்றிக் கல்லும் கான்கிரீட்டும் வந்தால் நீர்ப்பறவைகள் எங்கே இறங்கும், சாக்கடை கலப்பது நின்றதா என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பூக்கார அம்மாவின் கேள்வி வெறும் பயம் இல்லை என்று இப்போது புரிகிறதா? ஊர் அழகாவதற்கு முன்னால் டேப் வரும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் சொல்வதை அவர் வரைக்கும் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டுமே!

அந்த ஆளாக மாணவர் இருக்கலாம். அதிகாரிக்கு நேரமில்லை, காண்டிராக்டருக்குக் கெடு. காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டையும் ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டையும் போய்ப் பார்க்கிற கால்களும், "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்கிற பொறுமையும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இன்னொரு சேலம் காட்டும் வழி

பரண்மேல் தூங்கும் தாள்களுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 2009-இல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு கல்வி ஆண்டுக்கு ஒரு நகரம். அந்த நகர நிர்வாகம் தன் தலைவலிகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும், செலவுக்குப் பணமும் கட்டும். கட்டடக்கலை, நகரமைப்பு, சட்டம், வணிகம் என்று பல துறை வகுப்புகள் அந்தத் தலைவலிகளையே அந்த வருடப் பாடமாக எடுத்துக்கொள்ளும். முடிவில் அறிக்கை நகரத்தின் கைக்குப் போகும். இரண்டாவது வருடம் அவர்கள் எடுத்துக்கொண்ட ஊரின் பெயர் சேலம்! ஆமாம், ஓரிகன் மாநிலத்தின் தலைநகரம் அது. இன்று பல பல்கலைக்கழகங்கள் இதே முறையைப் பின்பற்றுகின்றன.

கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் கோவை. பொறியியல், வேளாண்மை, மனையியல், கட்டடக்கலை, சமூகப்பணி என்று எல்லாத் துறையும் ஒரே ஊருக்குள் பஸ் தூரத்தில் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்து மாணவர் எந்த மரம் நிழல் தரும் என்று சொல்வார். சமூகப்பணி மாணவர் கீரணத்தத்தில் போய்ப் பேசுவார். கட்டடக்கலை மாணவர் வரைவார். மாநகராட்சி செய்ய வேண்டியது, வருடத்துக்கு ஒரு வார்டையும் பத்துப் பிரச்னைகளையும் எழுதிக் கொடுப்பது. அடுத்த செட் பிள்ளைகள் முந்தைய செட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், பரண் காலியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

அளப்பதற்குக் காலேஜில்தான் படிக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் டேப் இருக்கிறதா? ஞாயிறு காலை பிள்ளைகளோடு உங்கள் தெருவில் இறங்குங்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி அகலம் வேண்டும். நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அரையடி. அதற்கு மேல் போனால் முட்டிவலிக்காரப் பாட்டி ஏற மாட்டார், வண்டி போகும் ரோட்டிலேயே நடப்பார். டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் பெட்டி, நிறுத்திய பைக் எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 95 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் அது. அங்கிருந்து தெரிவது பைக்கின் சைலன்சரும் திறந்த சாக்கடையும்தான் என்றால், தெருவில் வேலை பாக்கி இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற ஊரை உருவாக்க மத்திய அரசு 2020-இல் அறிவித்த போட்டியில், அடுத்த வருடம் தேர்வான 25 நகரங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கும் இருந்தன. கொங்கு நாட்டுக்கு இந்த அளவுகோல் புதிதல்ல.

குறித்ததை வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை டேப்போடு பிள்ளைகள் உங்கள் தெருவுக்கு வந்தால், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த மரத்தடியில் யார் கடை போடுகிறார், பஸ் எங்கே நின்றால் பாட்டிக்கு வசதி என்று சொல்லுங்கள். பூக்கார அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வரைபடத்தில் அவர் கடைக்கும் ஓர் இடம் விழட்டும்.